படகில் இரண்டே இருக்கைகள்

"கயிற்றை விடுங்க" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது துவாரகனுக்குத் தெரியாது. அன்றுதான் அவனை முதன்முதலாகப் பார்த்தேன்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நடுவே ஒரு சின்னப் பாய்ப்படகில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். படகைத் திருப்பும் தடி என் இடது கையில். பாயை இழுக்கவும் தளர்த்தவும் வேண்டிய கயிறு அவன் கையில். காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ள, கரை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"க..." என்று தொடங்கினேன்.

"கரையோ அக்கா? கரைக்குப் போவமோ?"

தலையை ஆட்டி மறுத்தேன்.

"களைச்சுப் போனியளோ? கழுத்து நோகுதோ? கண்ணாடி வேணுமோ?"

நல்ல பிள்ளை. 'க'வில் தொடங்கும் சொற்களெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தன, ஒன்றைத் தவிர. அவன் அடுத்த சொல்லைத் தேடுவதற்குள் படகின் அடிப்பலகை சேற்றில் இறங்கி, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றுவிட்டது. மேலே தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். சிரிக்கக்கூடிய காட்சிதான்.

படகு நின்ற பிறகு என் வாக்கியத்தை முடித்தேன். "கயிற்றை விடுங்க."

துவாரகன் தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இதைத்தானோ அவ்வளவு நேரமும் சொன்னியள்?" என்றான். காது சிவந்திருந்தது.

எழுத்தில் நான் வேகமானவள்

சென்ற வாரம் இந்தத் தொடரில் ராகலைக் கடையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி தொலைபேசியில் கூப்பிட்டார். நான் 'வணக்கம்' சொல்லி முடிப்பதற்குள் இணைப்பில் கோளாறு என்று நினைத்து வைத்துவிட்டார். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தபோது மூளைக்குக் காற்றுக் குறைந்துவிட்டது. கால்கள் விறைப்பு. வலது கை மடங்கியே இருக்கும். கழுத்து நான் கேட்காமலே ஒரு பக்கம் திரும்பும். வாய் இருக்கிறதே, அது சொல்லை உடனே கொடுக்காது. ஒவ்வொன்றையும் உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டு வரவேண்டும். அறிவு மட்டும் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். வாய்க்கும் அதற்கும்தான் வேகம் ஒத்துவராது.

மிச்சம் இருந்தது இடது கை. சாப்பிடுவது, தலை வாருவது, தட்டச்சு, நாற்காலிச் சக்கரம் எல்லாம் அதன் பொறுப்பு. கடை முதலாளி சும்மா இரக்கத்தில் என்னை வைத்திருக்கவில்லை. ஒற்றைக் கையால் நான் அடித்தது பலர் இரண்டு கையால் அடித்ததைவிடப் பிழை குறைவாக இருந்தது.

என் வாயாக இருந்தவர்

அம்மா ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். கூடையை இறக்கிய பிறகும் அவசரம் அவரை விட்டுப் போகவில்லை. காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் பேர் போட மாட்டார்கள் என்ற பயத்தில் வாழ்ந்தவருக்கு, மகள் ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை உட்கார்ந்திருப்பது கஷ்டம். அதனால் முதல் எழுத்தைக் கேட்டதும் மிச்சத்தை அவரே முடித்துவிடுவார்.

'த' என்றால் தண்ணீர். 'வ' என்றால் வயிற்றுவலி. ஒருமுறை 'வானொலியைப் போடுங்க' என்று சொல்லப்போய் கசாயம் குடித்திருக்கிறேன்.

ஆசுபத்திரியில் இது இன்னும் மோசம். டொக்டர்மார் என்னைப் பார்ப்பார்கள், பேசுவது அம்மாவிடம்.

"இவங்க நல்லா சாப்பிடுறாங்களா?"

"சாப்பிடுறாங்க ஐயா."

"வேற ஏதும் பிரச்சினை?"

"எப்பவும் போலத்தாங்க."

அவ்வளவுதான், அடுத்த ஆள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வெளியே வரிசை கோயில் அன்னதான வரிசை மாதிரி நிற்கும். எனக்காக ஒரு டொக்டர் காத்திருந்தால், பின்னால் இருப்பவர்கள் இருமியே அவரை எழுப்பிவிடுவார்கள்.

காசல்ரீக்குப் போன கதை

ஒரு மருத்துவ பீடத்துப் பிள்ளைகள் மலையகத்தில் மூன்று நாள் முகாம் போடுகிறார்கள், உடல் இயலாமை உள்ளவர்களோடு சேர்ந்து பாய்ப்படகு விடுவார்கள் என்று ஒரு சமூக சேவை உத்தியோகத்தர் வந்து சொன்னார்.

"எதுக்குங்க?" என்று அம்மா கேட்டார்.

"டொக்டராகப் போற பிள்ளைகள் இவங்களைப் பத்திப் படிக்கணும்ல அம்மா."

"படிக்கிறதுக்கு எதுக்குத் தண்ணிக்குள்ள எறக்கணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் ஏற்கெனவே போவதென்று முடிவு செய்துவிட்டேன். படிக்கட்டும், படிக்காமல் போகட்டும். எனக்குப் படகு விடவேண்டும். நுவரெலியா வாவியில் மற்றவர்கள் படகில் போவதைக் கரையிலிருந்து பார்த்துப் பார்த்து அலுத்திருந்தேன்.

நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் வழியாக வேனில் போனோம். வளைவுக்கு வளைவு அம்மா முருகனைக் கூப்பிட்டார். நீர்த்தேக்கம் கண்ணில் பட்டதும் முருகனை நிறுத்திவிட்டு, "ஆத்தாடி, இம்புட்டுத் தண்ணியா" என்றார். காலையில் அது ஈயத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வாசனை தண்ணீர் மேலேயே மிதந்து வந்தது.

பயிற்சி கொடுத்தவர் நிமல் என்று ஒரு சிங்களக்காரர், கடற்படையில் இருந்து விலகியவர். தமிழில் ஒரு கைப்பிடிச் சொற்களை வைத்துக்கொண்டு எல்லாக் காரியத்தையும் முடிப்பார். இந்தப் படகுகளின் அடியில் கனமான பலகை இருக்கிறது, சாயும் ஆனால் கவிழாது என்று காட்டினார்.

"இதுல ரெண்டு பேர். ஒரு டொக்டர், ஒரு நீங்க. வேற ஆள் இல்ல."

அம்மா முன்னால் வந்தார். "நான் கூடப் போகணும்ங்க. அவ பேசுறது யாருக்கும் விளங்காது."

நிமல் படகைக் காட்டினார். "அம்மா, ரெண்டு சீட்."

அம்மா இருக்கைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, குடையையும் பால் இல்லாத பிளேன்டித் தேநீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு கரையில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்கும் ஒரு டொக்டருக்கும் நடுவில் யாரும் இல்லை. துவாரகன் இன்னும் படித்துக்கொண்டிருந்த அரைகுறை டொக்டர்தான். ஆனாலும் டொக்டர்.

ஓரெழுத்து ஒருமொழி

சேற்றில் நின்ற எங்களை மோட்டார் படகில் வந்து நிமல் இழுத்துவிட்டார். "தம்பி, அக்கா சொல்றது கேளு. நீ சொல்ல வேணாம்" என்றார்.

அன்று மாலை எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து அனுபவம் கேட்டார்கள். ஹட்டனிலிருந்து வந்த பார்வையில்லாத ஒரு தம்பி, காற்று கன்னத்தில் படும் இடத்தை வைத்துப் படகு திருப்பியதாகச் சொன்னான். மாணவி ஒருத்தி எழுந்து, எங்கள் தைரியத்தைப் பார்க்கத் தனக்கு அழுகை வருகிறது என்றாள். நான் கை தூக்கினேன். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமானது. "தைரியம் எல்லாம் இல்ல. எனக்குப் படகு பிடிச்சிருக்கு." அவள் முதலில் திகைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்த வட்டத்தில் பேச்சு கொஞ்சம் மனிதப் பேச்சாக இருந்தது.

துவாரகன் பிளேன்டியோடு என் பக்கத்தில் வந்து அமர்ந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவன் பேசுவது அம்மாவுக்குப் பாதிதான் பிடிபட்டது. நான் பேசுவது அவனுக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆகக்கூடி அம்மாவால் எங்களுக்கு மொழிபெயர்க்க முடியாமல் போனது நல்லதாயிற்று.

"அக்கா, உங்களுக்கு எந்தச் சொல்லு சுகமா வரும்?" என்று கேட்டான்.

நான் யோசித்தேன். ககரம் எனக்கு மேட்டு நிலம். டகரம் பள்ளம். வாயைத் திறந்தாலே வந்துவிடும் சொற்கள் சில இருக்கின்றன. உயர்தரத்தில் தமிழ் படித்தபோது ஓரெழுத்து ஒருமொழி என்று ஒரு பாடம் இருந்தது. ஒரே எழுத்து, முழுப் பொருள். அது எனக்காகவே எழுதப்பட்ட இலக்கணம் என்று அப்போதே நினைத்திருக்கிறேன்.

"வா" என்றேன். "போ" என்றேன்.

"வா எண்டா இழுக்கிறன். போ எண்டா விடுறன். சரியோ?"

சரி.

"திரும்பேக்க?"

"ஆ."

இரண்டு பேரும் கரையிலேயே உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். கயிற்றுக்குப் பதிலாக அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். அம்மா, "இந்தப் புள்ளைக்கு என்னா ஆச்சு" என்று என்னிடம் கேட்டார்.

காற்று வந்த நாள்

மறுநாள் பகலில் மலை இடுக்கு வழியாகக் காற்று இறங்கியது. தண்ணீர் முழுக்கச் சுருக்கம் விழுந்தது. தூரத்தில் ஒரு செம்மஞ்சள் மிதவை. அதைச் சுற்றிவிட்டு வரவேண்டும்.

"வா" என்றேன். இழுத்தான். படகு தண்ணீரை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. நான் உட்கார்ந்திருந்த பக்கம் உயர்ந்தது, அவன் பக்கம் தாழ்ந்தது. அவன் சட்டை முழுக்க நனைந்தது.

"போ." விட்டான்.

"ஆ." திரும்பினோம். பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறைந்து விரிந்தது.

நான் ஒரு சொல் சொல்கிறேன், சொன்ன கணத்தில் உலகத்தில் ஒன்று நடக்கிறது. இந்தச் சந்தோஷத்தைப் பேச்சு சுலபமாக வருகிறவர்களுக்கு விளக்க முடியாது. எங்களுக்கு முன்னால் புறப்பட்ட மூன்று படகுகளைத் தாண்டி மிதவையைச் சுற்றினோம். பார்வையில்லாத தம்பியின் படகு மட்டும் எங்களுக்கு முன்னால் போனது. அவனைப் பிடிக்க முடியவில்லை. அவன் கன்னம் அப்படி.

திரும்பி வரும் வழியில், படகு தானாகவே காற்றுக்கு எதிரே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டது. பாய் படபடவென்று அடித்தது.

"அக்கா, தடியைப் பிடிச்சிருக்கிறியளோ?"

பிடித்திருக்கிறேன் என்று தலையாட்டினேன். அவன் என் மடியைக் காட்டினான்.

என் இடது கை மடியில் கிடந்தது. விரல்கள் எதையோ பற்றியிருப்பது போல மடங்கியிருந்தன. நான் இன்னும் தடியைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கை நழுவியது எனக்குத் தெரியவே இல்லை.

பாய் அடித்துக்கொண்டிருந்த நேரம்

வேறு யாராக இருந்தாலும் தடியைத் தாங்கள் பிடித்துக்கொண்டு கரைக்கு விட்டிருப்பார்கள். துவாரகன் தடியைத் தொடவில்லை.

"இது எப்ப தொடங்கினது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை எந்த டொக்டரும் கேட்டதில்லை. எல்லோருடைய கணக்கிலும் இது பிறப்பிலேயே தொடங்கியது. அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

நான் சொல்லத் தொடங்கினேன். போன மழைக்காலத்திலிருந்து. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. தட்டச்சில் விரல் பக்கத்து எழுத்தில் விழுகிறது. சூடான தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தேன், கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. ஆசுபத்திரியில் சொல்லப் பார்த்தேன். 'கை' என்றதும் அம்மா, "அவளுக்குக் கை எப்பவும் இப்படித்தாங்க ஐயா" என்று முடித்துவிட்டார். டொக்டர் என் வலது கையைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்புறம் ஒன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. தலையைக் குனிந்தால் முதுகெலும்பு வழியாகக் கரண்ட் ஓடுகிறது.

இதைப் படிக்க உங்களுக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மேகத்தின் நிழல் மறுகரைத் தேயிலையில் ஏறி, இறங்கி, காணாமலே போய்விட்டது. மற்றப் படகுகளெல்லாம் கரை சேர்ந்துவிட்டன. துவாரகன் ஒரு சொல்லையும் எனக்காக முடிக்கவில்லை. இரண்டொரு தடவை வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அது அவனுக்குச் சுலபமாக இருக்கவில்லை என்பது தெரிந்தது.

"எனக்கு இது என்ன எண்டு தெரியேல்ல அக்கா" என்றான் கடைசியில். "ஆனா உங்கட பழைய வருத்தம் இல்லை எண்டு நினைக்கிறன். எங்கட மெடத்திட்டச் சொல்ல வேணும். நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுவியளோ?"

"நான்."

அது எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாக வரும் சொல். அன்று உடனே வந்தது.

படகுக் கொட்டகையில்

துவாரகன் சொன்ன மெடம், அவர்களின் விரிவுரையாளர், ஒரு சிங்களப் பெண் டொக்டர். தமிழ் கேட்டால் புரியும், நிதானமாகப் பேசுவார். படகுக் கொட்டகையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஈரக் காலுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா எனக்கு முன்னால் போய் நின்றார்.

"ஒண்ணுமில்லைங்க டொக்டர், தண்ணியில ரொம்ப நேரம் இருந்துட்டா, கை..."

நான் நாற்காலியை ஒரு முழம் முன்னால் தள்ளி, அம்மாவின் கையைப் பிடித்தேன். பிடித்தேனா என்பது சரியாகத் தெரியவில்லை, ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தது. பேச்சை நிறுத்திக் குனிந்து பார்த்தார்.

"நா...ன் சொல்றேன்மா."

அம்மா ஓரமாக நகர்ந்து நின்றார். கொட்டகைத் தகரத்தில் தூறல் விழத் தொடங்கியிருந்தது.

மறுபடியும் முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். டொக்டர் காலுறையைக் கையில் வைத்தபடியே கேட்டார். கரண்ட் ஓடுவதைச் சொன்னதும் காலுறையைக் கீழே வைத்துவிட்டார். என் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். விரல்களை நீட்டச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி, எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டார். மூன்றுக்கு ஒன்றுதான் சரியாகச் சொன்னேன்.

"உங்க கழுத்து சின்ன வயசிலிருந்து திரும்பித் திரும்பி, உள்ளே எலும்பு தேஞ்சிருக்கலாம்" என்றார். "அது நரம்பை அமுக்குது போல. ஸ்கேன் எடுக்கணும். சீக்கிரம்." இதை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

அம்மா அழவில்லை. குடையை விரித்தார், சுருக்கினார், மறுபடியும் விரித்தார். கொட்டகைக்குள் மழை இல்லை.

அதன் பிறகு

கண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். கொட்டகையில் அந்தப் பெண் டொக்டர் சொன்னது சரி. அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். செய்யாவிட்டால் கை முழுவதும் போகும், பிறகு மூச்சுக்கும் ஆபத்து வரலாம். செய்தாலும் போனதெல்லாம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

"கழுத்துல கத்தி வைக்கிறதா?" என்று உறவெல்லாம் கூடிப் பேசியது. ஒரு சித்தப்பா, "இருக்கிறது இருக்கட்டும், அவளுக்கு நாம இருக்கோம்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இருந்தது என் கை. நான் முடிவு செய்தேன்.

கத்தி வைத்தார்கள். பல வாரம் கழுத்தில் பட்டையோடு கிடந்தேன். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இன்றுவரை மரத்தே இருக்கின்றன. மற்ற மூன்றும் திரும்பின. தலை குனிந்தால் கரண்ட் இல்லை. இந்தத் தொடரின் ஒவ்வொரு சொல்லும் அந்த மூன்று விரல்களின் உழைப்பு.

துவாரகன் இப்போது கிழக்கில் ஒரு ஆசுபத்திரியில் டொக்டர். எப்போதாவது தொலைபேசியில் கூப்பிடுவான். நான் வணக்கம் சொல்லி முடிக்கும் வரை அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. "வோட்டில சில நாள் ஓடுப்பட்டுத் திரியிறன் அக்கா" என்றான் ஒருமுறை. "ஒரு ஆள் சொல்ல வெளிக்கிட்டா மட்டும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்திடுவன். நேர்ஸ்மார் ஏசிப் பேசுகினம்." பேசட்டும் என்றேன்.

அடுத்த முகாமுக்கு எனக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. புதிய மாணவர்கள், அதே காசல்ரீ. கடைசி நாள் மாலை காற்று மெலிந்து, எல்லோரும் படகுகளைக் கட்டத் தொடங்கியபோது, நிமல் அம்மாவைப் பார்த்தார். "அம்மா, ஒரு ரவுண்ட்?"

அம்மா பயந்து பின்வாங்குவார் என்று நினைத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மிதவைச் சட்டையைத் தலைகீழாகப் போட்டு, நிமல் அதைச் சரிசெய்த பிறகு வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் தடியைப் பிடித்தேன். "வா" என்றேன்.

"எங்கடி வர்றது? உக்காந்துதானே இருக்கேன்."

கயிற்றைக் காட்டினேன். இழுத்தார். கொழுந்து பறித்த கை, வலு இருந்தது. படகு மெல்ல நகர்ந்தது. கரையில் மாணவர்களின் பேச்சு தூரமானது. அம்மா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, திரும்பாமலே கேட்டார்.

"இம்புட்டு வருசமா ஒனக்காக நான் பேசுனேன்ல. அதுல எவ்வளவு தப்பு, புள்ள?"

நான் யோசித்தேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. 'ப' எனக்கு 'போ'வில் மட்டும்தான் சுலபம். உதடுகள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. அம்மா இப்போது திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டினி, பயம், பரவாயில்லை என்று எத்தனையோ சொற்கள் அவர் வாய்க்குள் வந்து நின்றிருக்கும். ஒன்றையும் வெளியே விடவில்லை.

"பாதி" என்றேன்.

அம்மா கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிப் பிடித்தார்.

"அப்ப பாதி சரியாச் சொல்லிருக்கேன்" என்றார்.